சிறுதீயைத் தடுத்தோம், பெருந்தீயை வளர்த்தோம்

2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காடு எரிந்தது. முதுமலையை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் புலிகள் காப்பகம் அது. நாள்கணக்கில் நீடித்த தீயில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கருகிப்போனது. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. தீ வைத்தது யார் என்பதைச் சுற்றியே அப்போது விவாதம் நடந்தது. இவ்வளவு பெரிய தீக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. மரங்களுக்கு அடியில் ஆள் உயரத்துக்குப் புதராக மண்டி, கோடையில் சுள்ளியாகக் காய்ந்து நின்ற உண்ணிச்செடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று, பந்திப்பூரும் அடங்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் மேல்மலையில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. ஆறு மாத இடைவெளியில் ஒரு மலைத்தொடர் தீயையும் வெள்ளத்தையும் பார்த்துவிட்டது. 2024 ஏப்ரலில் உதகையின் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. பருவநிலை மாற்றம் என்பது துருவக் கரடிகளின் கவலை என்று நினைத்திருந்த காலம் நமக்கு முடிந்துவிட்டது.

இந்த மலையில் இனி என்ன செய்வது என்று யோசிக்கும்போது வல்லுநர் குழுக்கள், செயற்கைக்கோள் படங்கள், ட்ரோன்கள் எல்லாம் மேசைக்கு வருகின்றன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர், ஊராளி ஆகிய பழங்குடிகள் மட்டும் வருவதில்லை. அவர்களை அழைப்பது கருணையின்பாற்பட்டது என்ற எண்ணமே நம் நிர்வாகத்தில் இன்னும் இருக்கிறது. காட்டைக் காப்பாற்றும் வேலையே அவர்கள் கையில் அதிகாரம் இல்லாமல் நடக்காது என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டுகள் நமக்குச் சொல்லும் பாடம்.

பூந்தோட்டத்தில் இருந்து வந்த பகை

உண்ணிச்செடி நம் ஊர்ச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் அழகுக்காக இந்தியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலியைத் தாண்டிய பிறகு அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் அதன் பிடியில் இருப்பதாக இந்திய வன உயிரின நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு கணித்தது.

இந்தச் செடி காட்டுக்குள் செய்யும் வேலை எளியது, கொடியது. அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் பரப்புகின்றன. புதர் மூடிய இடத்தில் வெயில் தரையைத் தொடுவதில்லை; புல் முளைப்பதில்லை. இலையில் நஞ்சு இருப்பதால் மேயும் விலங்குகள் அதை ஒதுக்குகின்றன. புள்ளிமானும் கடமானும் காட்டெருமையும் புல்லுக்கு அலைய, அவற்றை நம்பியுள்ள புலியின் இரை சுருங்குகிறது. காட்டில் மேய்ச்சல் குறைந்தால் யானை வயல் பக்கம் திரும்புவதற்குக் காரணம் கூடுகிறது. ‘யானை ஊருக்குள் புகுந்தது’ என்று செய்தி எழுதும் நாம், அதன் வீட்டில் முன்பே ஒரு செடி புகுந்துவிட்டதை எழுதுவதில்லை.

காற்றில் கரியமில வாயு கூடுவதும் இந்தப் போட்டியில் புதருக்குச் சாதகம். வெப்ப மண்டலப் புற்களைவிட உண்ணி போன்ற மரத்தன்மையுள்ள செடிகள் கூடுதல் கரியமில வாயுவைப் பயன்படுத்தி வேகமாக வளரும். உலகம் எரிக்கும் நிலக்கரியின் விளைவு, பந்திப்பூரில் ஒரு மானின் மேய்ச்சல் நிலம் சுருங்குவதில் வந்து முடிகிறது.

சோளகர் சொன்னதும் ஆய்வு கண்டதும்

சோளகரை ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். சத்தியமங்கலம் மலைகளிலும், அதை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் வாழ்பவர்கள். பிலிகிரிரங்கன் 1974இல் வன உயிரினச் சரணாலயமாக்கப்பட்டது. இடம் மாற்றிச் செய்த வேளாண்மை நின்றது. ஊர்கள் காட்டுக்குள்ளிருந்து சாலையோரங்களுக்கு நகர்த்தப்பட்டன. கூடவே அவர்கள் ஆண்டுதோறும் வைத்து வந்த சருகுத் தீயும் தடைசெய்யப்பட்டது.

அந்தத் தீயைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டால் இப்போது நடப்பது விளங்கும். கோடை முற்றுவதற்கு முன், தரையில் ஈரம் மிச்சமிருக்கும்போதே வைப்பார்கள். சருகும் காய்ந்த புல்லும் மட்டும் எரியும். தீ முழங்கால் உயரத்தைத் தாண்டாது. வளர்ந்த மரத்தின் பட்டையைத் தாண்டி உள்ளே போகாது. உண்ணியின் இளங்கன்றுகள் கருகும். உண்ணிப்பூச்சிகள் குறையும். அடுத்த மழைக்குப் புதுப்புல் வரும். ஆண்டுதோறும் கொஞ்சம் எரிந்ததால், எந்த ஆண்டும் மொத்தமாக எரிய அங்கே சேமிப்பு இல்லை.

தடைக்குப் பின் நடந்ததை பெங்களூருவின் ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அளந்தார்கள். 1997க்கும் 2008க்கும் இடையே, பிலிகிரிரங்கனில் உண்ணி பரவியிருந்த பரப்பு ஏறக்குறைய இருமடங்கானது. இந்தப் பரவலுக்குத் தீத்தடையும் காரணம் என்று சோளகர் ஆய்வாளர்களிடம் விளக்கினார்கள்.

நெல்லி மரக் கதை இதைவிடச் சுவையானது. காட்டு நெல்லிக்காய் அவர்களின் முக்கியமான வருமானம். மரங்கள் நலிந்தபோது அளவுக்கு மீறிக் காய் பறிப்பதே காரணம் என்று வெளியில் இருந்து பார்த்தவர்கள் கருதினார்கள். சோளகர் வேறொன்றைச் சொன்னார்கள்: மரத்தின் மேல் தொற்றி வளரும் புல்லுருவிதான் நெல்லியைக் கொல்கிறது, முன்பு எங்கள் தீயின் புகையும் வெம்மையும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன. பின்னர் வந்த ஆய்வுகள் புல்லுருவியின் பங்கைப் பதிவுசெய்தன. அதற்குள் 2000களின் நடுவில் காட்டு விளைபொருள் சேகரிப்பதற்கே தடை வந்துவிட்டது. நோயைச் சரியாகச் சொன்னவர்களையே நோய் என்று ஒதுக்கினோம்.

2022இல் பிலிகிரிரங்கனில் கண்டறியப்பட்ட ஒரு புதிய குளவிப் பேரினத்துக்கு ‘சோளிகா’ என்று இந்த மக்களின் பெயரைச் சூட்டினார்கள் அறிவியலாளர்கள். மரியாதையான செயல். அந்தக் காட்டின் மேலாண்மைத் திட்டத்திலும் அவர்களின் சொல்லுக்கு இதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும்.

தோடரின் புல்வெளி

மேல்மலைக்குப் போனால் கதையின் செடி மாறும், போக்கு மாறாது. நீலகிரியின் உச்சியில் சோலைக் காடும் புல்வெளியும் சேர்ந்ததே இயற்கை. அந்தப் புல்வெளி காட்டை அழித்ததால் உண்டானது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் மேல்மலைச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, அங்கே புல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருப்பதையும், பருவநிலை மாறும்போதெல்லாம் புல்லும் சோலையும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கொடுத்து வந்ததையும் காட்டியது.

தோடருக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டிய செய்தியில்லை. அவர்களின் எருமை, பால்கோயில், வளைகூரைக் கோயிலுக்கு வேயும் புல், சடங்கு எல்லாமே அந்த வெளியைச் சார்ந்தவை. எருமை மேய்ச்சலும், வறண்ட பருவத்தில் முற்றிய புல்லுக்கு வைத்த தீயும் சேர்ந்து வெளியைத் திறந்தே வைத்திருந்தன. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது தரிசு. கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பின் அரசு அதே வேலையை இன்னும் பெரிய அளவில் தொடர்ந்தது. சீகை, நட்ட இடத்தோடு நிற்கவில்லை. தானே பரவிப் புல்லை மூடியது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் தெரிவித்தது. நீலகிரியும் அதே வழியில்தான் வந்திருக்கிறது.

குளிர்கால உறைபனி, மேல்மலையில் மரக்கன்றுகளைக் கொன்று புல்லைக் காத்து வந்தது. வெப்பம் கூடி உறைபனி குறைந்தால் சீகைக்கு எதிரான கடைசிக் காவலும் போகும். இந்த ஆபத்தைச் சுகுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இந்தப் புல்வெளியின் பிள்ளை. 2022இல் அரசு அதற்கெனத் தனித் திட்டம் அறிவித்தது பாராட்டுக்குரியது. 2024இல் 1,031 என்றிருந்த கணக்கெடுப்பு 2025இல் 1,303 ஆகியிருக்கிறது. ஆனால், வரையாட்டுக்குப் புல்வெளியை மீட்டுத் தருவதென்றால், அந்தப் புல்வெளியைத் தலைமுறை தலைமுறையாக ஆண்ட சுமார் இரண்டாயிரம் பேர் கொண்ட தோடர் சமூகத்துக்கு அதில் என்ன இடம்? எங்கே மேய்ப்பது, எந்த இடத்தில் எந்த மாதம் தீ வைக்கலாம், எந்தச் சதுப்பை முதலில் மீட்பது என்ற முடிவுகளில் அவர்களுக்குக் குரல் இருக்க வேண்டும். கூலிக்குச் சீகைக் கன்று பிடுங்குவது மட்டும் பங்கேற்பு ஆகாது.

1882இன் சட்டம், 2006இன் சட்டம்

காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ‘தமிழ்நாடு வனச் சட்டம்’ என்ற பெயரில் அது இன்றும் நடப்பில் இருக்கிறது. மரத்தைக் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் வெட்டிக்கொண்டிருந்த அரசு, மரத்தைக் காக்க எழுதிய சட்டம். சரணாலயங்களில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் தீயைத் தடுக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளை எரித்து வைப்பதை வனத்துறையே ஆண்டுதோறும் செய்கிறது. அந்த வேலையில் பெரும்பாலும் பழங்குடி இளைஞர்களே தீத்தடுப்புக் காவலர்களாக, தினக்கூலிக்கு அமர்த்தப்படுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும், பனி எந்நேரம் உலரும், தீ எங்கே தானாக அணையும் என்பதெல்லாம் தெரிந்த கை அவர்களுடையது. அந்தக் கையை வாங்கிக்கொள்கிறோம். அறிவை வேண்டாம் என்கிறோம்.

2006 வன உரிமைச் சட்டம் இதை மாற்ற வந்தது. தலைமுறைகளாகக் காத்துவரும் சமூக வனவளத்தைப் பாதுகாக்கவும், மீளுருவாக்கவும், நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை அகற்றியது. எட்டு ஆண்டுகள் வழக்கில் போயின. அதற்குப் பிறகும் சமூக உரிமைகளை அங்கீகரிப்பதில் மகாராஷ்டிரம், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களுக்கு வெகு பின்னால்தான் நிற்கிறோம்.

கர்நாடகத்தில் 2011இல் பிலிகிரிரங்கன் சோளகருக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அத்தகைய உரிமை வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. மக்கள் உள்ளே இருந்தால் புலி அழியும் என்று சொன்னவர்களின் கணக்கு அங்கே பலிக்கவில்லை. அடுத்துவந்த கணக்கெடுப்பில் புலிகள் கூடியிருந்தன. பக்கத்துச் சத்தியமங்கலம் காப்பகத்திலும் சோளகரும் ஊராளிகளும் வாழ்கிறார்கள். புலிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கியதற்காக அந்தக் காப்பகம் 2022இல் பன்னாட்டு விருது பெற்றது.

இருந்தும் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 54 காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களை, 64,801 குடும்பங்களை வெளியேற்றும் பணியை விரைவுபடுத்தச் சொன்ன கடிதம் அது. சுற்றுலாச் சொகுசு விடுதிகளைப் பற்றி இத்தகைய அவசரத்தை நாம் கண்டதில்லை.

தீக்குக் காசு கொடுக்கும் நாடு

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னெம் லேண்ட் என்ற பரந்த நிலம் இருக்கிறது. அங்கும் பூர்வகுடிகள் வெளியேறிய பிறகு வறண்ட பருவத்தின் பின்பகுதியில் பெருந்தீ வாடிக்கையானது. 2006 முதல், மேற்கு ஆர்னெம் லேண்டில் சுமார் 28,000 சதுர கி.மீ. பரப்பில் பூர்வகுடிக் காவலர்கள் தங்கள் முன்னோர் முறைப்படி, வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே துண்டு துண்டாகத் தீ வைக்கிறார்கள். பின்னால் வரும் பெருந்தீ குறைகிறது. அதனால் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு வெளியேற்றமும் குறைகிறது. ஆண்டுக்கு லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான மிச்சம் என்று கணக்கிட்டு, டார்வின் நகரின் எரிவாயு ஆலை நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுத்தது. மூத்தவர்களின் அறிவும் செயற்கைக்கோள் படமும் ஒரே குழுவில் வேலை செய்கின்றன.

ஆர்னெம் லேண்டின் சவானாவும் முதுமலையின் இலையுதிர் காடும் ஒன்றல்ல. அந்த முறையை அப்படியே இங்கே நட முடியாது. ஒரே வகை அறிவு அங்கே பருவநிலைக் கொள்கையாகச் சம்பளம் பெறுகிறது, இங்கே வழக்குப் பதிவுக்கு உள்ளாகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

எளிய விடை இல்லை

எதிர்வாதங்களில் உண்மை இருக்கிறது. முதுமலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை எரிந்த காடு, நூற்றாண்டின் முடிவில் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எரிவதாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அடிக்கடி வரும் தீ இளமரங்களை வளரவிடாது. ஆகவே ‘தீ நல்லது’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது அறியாமை. ஆனால் இந்தக் கணக்கே இன்னொன்றையும் சொல்கிறது: தடைச் சட்டம் முழுமையாக இருந்த காலத்தில்தான் தீ மூன்று மடங்கானது. தடையால் தீ நிற்கவில்லை. பருவமும் இடமும் தெரிந்த தீ நின்று, திருட்டுத்தனமாகவும் விபத்தாகவும் கோடை நடுவில் பற்றும் தீ மிஞ்சியது.

இன்றைய காட்டில் நேராகப் போய்த் தீக்குச்சியைக் கிழிக்கவும் முடியாது. உண்ணி, மரத்தின் கிளை வரை ஏறி நிற்கும் இடத்தில் சருகுத் தீயே உச்சித் தீயாகும். முதலில் புதரை வேரோடு வெட்ட வேண்டும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே மண்ணுக்குள் வெட்டிக் கவிழ்த்தால் உண்ணி மறுபடி துளிர்க்காது என்று டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு உருவாக்கிய முறை பல காடுகளில் பலன் தந்திருக்கிறது. அதன் பிறகு புல் விதைத்து, சில ஆண்டுகள் விடாமல் கன்று பிடுங்கி, பின்னரே தீ. ஒரு நிதியாண்டில் ஒப்பந்தம் விட்டு முடிக்கும் வேலை இல்லை இது. அங்கேயே இருப்பவர்களால் மட்டுமே ஆகக்கூடியது.

பழங்குடிகள் எல்லோரும் எல்லாம் அறிந்தவர்கள் என்பதும் மிகை. அரை நூற்றாண்டுத் தடையில் தீ வைக்கத் தெரிந்த தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் ஆலைக்கும் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் போகிறார்கள். பூக்கும் காலம் முன்னும் பின்னும் மாறுவதால், தேன் எடுக்கப் போகும் குறும்பருக்குத் தாத்தா சொன்ன மாதக் கணக்கு பொய்க்கிறது. பருவநிலை மாற்றம் காட்டை மட்டுமின்றி, காட்டைப் படிக்கும் அறிவையும் குழப்புகிறது. அதனால்தான் அவசரம். அந்த அறிவு பயன்பாட்டில் இருந்தால் மட்டுமே மாறும் பருவத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆவணக் காப்பகத்தில் வைத்தால் திருந்தாது.

கூடலூர்ப் பகுதியின் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக் குச்சிகளைக் கொண்டு நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. பின்னர் நூறு யானைகள் அமெரிக்க நகரங்களைச் சுற்றின. தெப்பக்காட்டுப் பாகன் தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வென்றது. உலகம் கைதட்டும் இந்த மக்களுக்குத் தங்கள் காட்டில் உள்ள சட்டபூர்வமான இடம் என்ன என்று எந்த விழா மேடையிலும் கேட்கப்படவில்லை.

அரசு செய்ய வேண்டியது

முதலாவது, முதுமலை, சத்தியமங்கலம், முக்கூர்த்தி பகுதிகளின் கிராம சபைகள் கோரும் சமூக வனவள உரிமைகளைக் காலக்கெடு வைத்து அங்கீகரிக்க வேண்டும். அது முடியும்வரை எந்தக் குடும்பத்தையும் இடம்பெயரச் சொல்லக் கூடாது; முடிந்த பின்னும் கிராம சபையின் ஒப்புதல் இன்றிச் சொல்லக் கூடாது. சட்டம் கேட்பதும் இதைத்தான்.

இரண்டாவது, அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழ்நாடு அறிவித்த கொள்கையை நிறைவேற்றும் பொறுப்பில் கிராம சபைகளைச் சேர்க்க வேண்டும். அத்தகைய அந்நிய மரமான மஞ்சள் கொன்றையைக் காகித ஆலை வெட்டிக்கொண்டு போகலாம். வெட்டிய இடத்தில் பத்தாண்டுக்குப் புல் வளர்ப்பது ஆலையின் வேலையில்லை. அதற்கான நிதி நேரடியாக ஊருக்கு வர வேண்டும்.

மூன்றாவது, உண்ணி அகற்றிய சில இடங்களிலும் மேல்மலைப் புல்வெளியின் சில துண்டுகளிலும், சோளகர், குறும்பர், தோடர் தலைமையில், அறிவியலாளர் கண்காணிப்பில், கோடைக்கு முந்தைய தீயைச் சோதித்துப் பார்க்க 1882 சட்டத்தின் விதிகளில் இடம் தர வேண்டும். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். சோதிக்கவே மறுப்பது அறிவியல் ஆகாது.

நான்காவது, தீத்தடுப்புக் காவலர்களின் தினக்கூலி நிலையை முடித்து, நிரந்தரப் பணியும் காப்பீடும் தர வேண்டும். பெருந்தீயில் முதலில் உயிரைப் பணயம் வைப்பவர்கள் அவர்கள்தான்.

காட்டைக் காப்பது வனத்துறையின் வேலை என்றும், பழங்குடி நலன் வேறொரு துறையின் வேலை என்றும் பிரித்து வைத்த கோப்புகளால் பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள முடியாது. ஒவ்வொரு கோடையிலும் உண்ணி இன்னும் கொஞ்சம் உலர்கிறது; தீ வைக்கத் தெரிந்த கைகள் இன்னும் கொஞ்சம் குறைகின்றன. தமிழ்நாடு அரசு வரும் கோடைக்கு முன்பே இந்த மலைகளின் கிராம சபைகளை அழைத்துப் பேசத் தொடங்க வேண்டும். உரிமைப் பத்திரத்தோடு அழைக்க வேண்டும்.